சந்தனம் உதிரும் வரை

கலியனுக்குத் தூக்கம் ஒரு காலத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது. லாரி ஓட்டுகிறவனுக்கு அது பெரிய வரம். சரக்கு ஏறும் நேரம், தார்ப்பாய் கட்டும் நேரம், டீ ஆறும் நேரம் என்று எதையும் விடமாட்டார். தலை சாய ஓர் இடம் போதும். "மணவறையில புகையோட புகையா உக்காந்து தூங்கி விழுந்த ஆளு" என்று அவர் மனைவி வடிவு இன்றைக்கும் சொல்வாள்.

அந்தத் தூக்கம்தான் இப்போது ஆகாத உறவாகிவிட்டது. வர வேண்டிய நேரத்தில் வாசலிலேயே தடுக்கப்படுகிறது. வரக்கூடாத நேரத்தில் கொல்லைப்புறமாக நுழைகிறது.

கலியன் சங்ககிரிக்காரர். அந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாத ஆண்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தில்லிக்கு வந்தது ஒரே ஒரு நடைக்காகத்தான். கடனில் மூழ்கியிருந்த முதலாளி அந்த லாரியை இங்கேயே விற்றுவிட, வண்டியோடு வண்டியாகக் கலியனும் கைமாறினார். அப்புறம் வடிவு வந்தாள். கோட்லா முபாரக்பூரில் ஒரு மாடியறை. பக்கத்துக் கிட்வாய் நகரில் தமிழ் அதிகாரிகள் வீடுகளில் வடிவுக்குச் சமையல் வேலை. அவள் வைக்கும் ரசத்தைக் குடித்துவிட்டு அந்த வீட்டுக் குழந்தைகள் "ஆன்ட்டி, சூப் அச்சா ஹை" என்பார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கலியனின் பாதை சின்னது. பானிபட் பக்கத்து ஆலைகளில் நூலும் கம்பளியும் ஏற்றி, ஓக்லாவில் இருக்கும் கிடங்கில் இறக்க வேண்டும். தூரம் ஒன்றுமில்லை. ஆனால் பகல் முழுக்க தில்லி கனரக வண்டிகளுக்குப் பூட்டிக் கிடக்கும். நோ என்ட்ரி. இரவில் ஆலையில் சரக்கேற்றி, விடிவதற்குள் தில்லியின் சிங்கு எல்லைக்கு வந்து சேர்ந்தால், இனி இரவு வந்தால்தான் கதவு திறக்கும். நடுவே உள்ள பகல்தான் டிரைவருக்கு இரவு. அதைத் தூங்கிவிட்டவன் பிழைத்தான்.

கம்பெனி நல்ல கம்பெனிதான். புது லாரி கொடுத்திருந்தது. கேபினில் ஏசி. ஜூன் மாதத்து வெயிலில் வரிசையாக நிற்கும் மற்ற லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்க, கலியன் எஞ்சினை ஓடவிட்டு, மேலே ஜம்மென்று கால் நீட்டிக் கிடப்பார். அந்தப் பொறாமையில்தான் பஞ்சாபி டிரைவர்கள் அவரை "மதராசி நவாப்" என்று கூப்பிட்டார்கள்.

அது ரெஜினின் விபத்து வரைக்கும்.

ரெஜின் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். அதே கம்பெனி, வரிசையில் கலியனுக்கு முன் வண்டி. போன குளிர்காலத்தில் ஒரு மாலை, போலீஸ் வரிசையைச் சீர்படுத்தி வண்டிகளை ஒவ்வொன்றாக முன்னே நகர்த்திக்கொண்டிருந்தது. ரெஜின் கண்ணயர்ந்திருக்கிறான். கால் பிரேக்கிலிருந்து நழுவிவிட்டது. வண்டி தானாக ஊர்ந்தது. வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆள் நடக்கிற வேகம்தான். எதிரே நின்ற டெம்போவுக்கும் இந்த லாரிக்கும் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆலைக் காவலாளி கடந்துகொண்டிருந்தார்.

அவருடைய சாப்பாட்டு டப்பா உருண்டுவந்து கலியனின் முன்சக்கரத்தில் முட்டி நின்றது. இறங்கி எடுத்தபோது சூடு இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வாங்கிக்கொண்டார். ரெஜின் ஜாமீனில் ஊருக்குப் போனான். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை.

கம்பெனி கூட்டம் போட்டது. பெரிய அதிகாரி ஒருவர் தழுதழுத்த குரலில், இன்னொரு உயிர் இப்படிப் போகக்கூடாது என்றார். நடிப்பில்லை. டிரைவரின் கண்ணைக் கவனிக்கும் கேமரா எல்லா வண்டிகளிலும் ஏற்கெனவே இருந்தது. வண்டி வேகமெடுத்தால்தான் அது விழிக்கும். ரெஜின் ஊர்ந்தபோது அது சும்மா இருந்தது. ஆகவே இனிமேல் எஞ்சின் ஓடினாலே கேமரா பார்க்கும் என்று முடிவாயிற்று. கண் மூடினால் கத்தும். கத்தியும் திறக்காவிட்டால் ஒரு சிவப்புக் குறி. மூன்று சிவப்பு விழுந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதற்குப் பிறகு தில்லியில் எந்தக் கம்பெனியும் சாவி தராது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கலியனும்தான். அந்த டப்பாவின் சூடு அவர் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை.

குளிர்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். வெயில் வந்தபோதுதான் புரிந்தது. எஞ்சினை அணைத்தால் ஏசி இல்லை, கேபின் அடுப்பாகிவிடும். எஞ்சினை ஓடவிட்டால் ஏசி வரும், கேமராவும் விழிக்கும். முன் இருக்கை, பின்படுக்கை என்று எங்கே கண்ணை மூடினாலும், தேளைக் கண்ட குழந்தை மாதிரி வீறிடும். திரையைக் கட்டிப் படுத்தால், டிரைவரைக் காணோம் என்று அதற்கும் கத்தும்.

அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு குரல் வரும். தில்லி துவாரகாவில் ஓர் அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்க்கும் ஜ்யோத்ஸ்னாவின் குரல். தெற்கத்தி டிரைவர்களெல்லாம் அவள் பொறுப்பு. தில்லியில் பிறந்தவள். தஞ்சாவூர்க்கார அப்பாவிடமிருந்து வந்த தமிழ், வழியில் எங்கெங்கோ நின்று ஏறி இறங்கி வந்திருந்தது.

"ஹலோ அங்கிள். உங்க ஆங்க் பந்த் ஆயிருக்கு. கண்ணு மூடியிருக்கு."

"வண்டி நின்னுக்கிட்டு இருக்குதுங்க அம்மிணி. நோ என்ட்ரி."

"அது தெரியறது. மேப்ல பார்க்கறேன். ஆனா எஞ்சின் ஆன்ல இருக்கே."

"எஞ்சின் ஓடுனாத்தானுங்க ஏசி வரும்."

"அச்சா. அப்போ ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்கோ."

"ஒரு நாளு நீங்க வந்து படுத்துப் பாருங்க அம்மிணி. அப்பளத்துக்கு எண்ணெயே வேண்டாம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு என்று உடனே குரலைத் திருத்திக்கொண்டாள். "மத்லப், நான் ஒண்ணும் பண்ண முடியாது அங்கிள். கண்ணைத் திறந்துக்கோங்கோ. ரெட் விழுந்துடும்."

கலியன் கண்ணைத் திறந்துகொண்டார். பகல் முழுக்க முன்கண்ணாடி வழியாகத் தெரியும் லாரியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். 'ஹார்ன் ப்ளீஸ்.' அதன் கீழே ஒரு தாமரை. அந்தத் தாமரைக்கு எத்தனை இதழ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தூக்கத்தில் யாரும் கேட்கத்தான் வழியில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் கலியன் வண்டிக்குப் பூஜை போடுவார். பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஊதுபத்தி, ஓர் எலுமிச்சை. சின்ன டப்பாவில் குழைத்த சந்தனத்தை ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, கண்ணாடிக்கு, மீட்டருக்கு என்று ஒன்றொன்றாகப் பொட்டு வைத்து, மேலே குங்குமம். வேலை செய்கிற எதையும் விடக்கூடாது என்பது சங்ககிரி வழக்கம். ஜாக்கிக்குக்கூட உண்டு. கேமரா வந்ததிலிருந்து அதற்கும் வைத்துவந்தார். அதுவும் வேலை செய்கிற பொருள்தானே. பொட்டில்லாத கண் தன்னையே முறைத்துக்கொண்டிருப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக லென்ஸுக்கு மேலே நெற்றியில் வைப்பார். அன்று தூக்கக் கலக்கம், சந்தனமும் கொஞ்சம் நீர்த்திருந்தது. வைத்த பொட்டு வழிந்து லென்ஸை மூடியது.

கலியன் அதைக் கவனிக்கவில்லை. சாமி கும்பிடக் கண்ணை மூடினார். கேமரா கத்தவில்லை. வேண்டுதல் கொஞ்சம் நீண்டது. அப்போதும் கத்தவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கும்பிட்ட கை மார்பில் இருக்க, அப்படியே சரிந்து தூங்கிப்போனார்.

ஏசி காற்று டேஷ்போர்டு மேலேயே வீசிக்கொண்டிருந்தது. சந்தனம் மெல்லக் காய்ந்தது, வெடித்தது, செதில் செதிலாக உதிர்ந்தது. கடைசிச் செதில் விழுந்ததும் கேமரா விழித்துக்கொண்டு கத்தியது. கலியன் எழுந்து உட்கார்ந்தார். உடம்பு புளிபோட்டுத் துலக்கிய செம்பு மாதிரி இருந்தது. டேஷ்போர்டில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். விஷயம் புரிந்தது. காலி இருக்கையைக் கண்டால்தான் அது டிரைவரைக் காணோம் என்று கத்தும், ஒன்றுமே தெரியாவிட்டால் கத்தாது.

அன்று இரவு வண்டி அவர் சொன்னபடி கேட்டது. ஓக்லா வரை ஒரு முறைகூடக் கொட்டாவி வரவில்லை. ஒரு வளைவில் குறுக்கே ஓடிய நாயை, அது ஓடப்போகிறது என்று முன்பே தெரிந்து நின்றார்.

சனிக்கிழமையும் பொட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமையும். கெட்டியாகக் குழைத்தால் சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்றும், தளர்த்தினால் நின்று காயும் என்றும் கற்றுக்கொண்டார். மனதுக்குள் ஒரு முள் இருந்தது. சாமி காரியத்தைத் திருட்டுக்கு வைத்துக்கொள்கிறோம் என்று. ஆனால் தூங்கி எழுந்தால் அந்த முள்ளும் மழுங்கியிருக்கும்.

ஒரு மத்தியானம் ஜ்யோத்ஸ்னா கூப்பிட்டாள். "அங்கிள், உங்க ஸ்க்ரீன்ல என்ன மஞ்சளா? ஹல்தியா?"

"சந்தனமுங்க அம்மிணி."

"கேமராவுக்கா?"

"வெள்ளிக்கெழமை பூசைங்க."

"இன்னிக்கு செவ்வாய் அங்கிள்."

கலியன் கொஞ்சம் யோசித்தார். "செவ்வாயும் நல்ல நாளுதானுங்க."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கேமராவை மூடினா ஒரே தடவைல மூணு ரெட்டும் விழுந்துடும். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமுங்க."

"பின்னே ஏன்?"

"நாளும் ராத்திரி வண்டிய ஊருக்குள்ள கொண்டுபோறனுங்களே அம்மிணி. ரோட்டுல சனம் நடக்குது."

மறுபக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "லென்ஸ்ல தூசின்னு போட்டிருக்கேன். பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

அவள் செய்த உதவிதான் கதவை இழுத்துச் சாத்தியது. லென்ஸில் அடிக்கடி தூசி என்று பதிவானதும் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. தூசி படக்கூடாது என்று அவன் கேமராவைக் கழற்றி, கேபின் கூரையில், கண்ணாடி போட்ட இரும்புக் கூட்டுக்குள் பொருத்தினான். வேலை சுத்தமாக இருந்தது. கூட்டுக்குள் கேமரா, கேபினுக்குள் கலியன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஜூன் மாதத்தைக் கழித்தன. நடுவே முதல் சிவப்பு விழுந்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தார் ரோடு முதுகைச் சுட்டது. அதையாவது பொறுக்கலாம். பக்கத்து லாரி எப்போது நகரும் என்று காது விழித்துக்கொண்டே இருந்தது. அடியில் படுத்தவன் மேலேயே சக்கரம் ஏறிய கதைகள் அந்த எல்லையில் ஏராளம்.

விடுமுறை நாளில் வீட்டுக்குப் போனால் பகலெல்லாம் கிடப்பார். வடிவு குக்கரை ஏற்றினால் முதல் விசிலுக்கே துள்ளி எழுந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பார். கால் சுவரில் இடிக்கும். ஒரு நாள் அப்படி இடித்துக்கொண்ட விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே வடிவு சொன்னாள்:

"ஏனுங்க, இந்த வண்டிய உட்டுப்போடுங்க."

"உட்டுப்போட்டு?"

"கிட்வாய் நகர்ல நான் சமைக்கற வூட்டுலயே காரோட்ட ஆளு வேணும்னாங்க."

"கேட்டயா?"

"கேட்டேன்." பற்றை நீட்டித் தடவினாள். "வூட்டுக்காரரு லாரி ஓட்டறாருன்னேன். ஐயோ, அவங்க தூங்கி விழுவாங்களேன்னு சொல்லிப்போட்டாங்க."

கலியன் பற்றுப் போட்ட கால்விரலை அசைத்துப் பார்த்தார். அப்புறம் வடிவுதான், "அவங்க சொன்னதுல என்ன பொய்யி, மணவறையிலயே தூங்குன ஆளுதான்" என்று சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மாலை அது நடந்தது. போலீஸ் வரிசையைச் சீர்படுத்திக்கொண்டிருந்தது. முன் வண்டி நகர, கலியனும் நகர்த்தி நின்றார். நின்றதாகத்தான் நினைத்தார். முன்னால் இருந்த தாமரையில் இதழ்கள் ஒன்றிரண்டு கூடியதுபோல் இருந்தது. கேமரா கத்தியது. பகலெல்லாம் கத்திக் கத்திக் காதுக்குப் பழகிப்போன சத்தம். அது எங்கோ தூரத்தில் யார் வீட்டுக் குழந்தையோ அழுவதுபோல் கேட்டது. பானெட்டில் தடால் என்று ஓர் அடி விழுந்தபோதுதான் கண் திறந்தது.

வெள்ளரிக்காய்த் தள்ளுவண்டி. அதற்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண். தள்ளுவண்டிக்காரர் ஒரு கையால் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையை பானெட்டில் ஊன்றி, லாரியையே நிறுத்திவைத்திருப்பவர்போல் நின்றார். கலியனின் கால் எப்போது பிரேக்கில் இறங்கியது என்று கலியனுக்கே தெரியாது.

"உஸ்தாத்," என்றார் அந்த மனிதர், கத்தாமல். "நான் வெள்ளரிக்காய் விற்கத்தான் வந்தேன். சாக வரவில்லை."

இந்தியில் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. கலியன் கை கூப்பினார். பிறகு எஞ்சினை அணைக்காமல், தலையை உயர்த்திக் கூரைக் கூட்டைப் பார்த்தார்.

"அம்மிணி, கேக்குதுங்களா?"

"கேக்கறது அங்கிள். ரெட் விழுந்துடுத்து. ரெண்டாவது." அவளும் பார்த்திருக்கிறாள்.

"விழுவட்டும். நான் இப்ப வண்டிய எடுக்கமாட்டனுங்க. எடுத்தா ஆரையாவது கொன்னுபோடுவேன். தூக்கம் வருதுன்னு எழுதிக்குங்க."

"அப்படி ஒரு ஆப்ஷனே இல்லை அங்கிள்."

"இல்லீங்களா?"

"லேட் ஆனா காரணம் போடணும். டிராஃபிக் இருக்கு, மழை இருக்கு, போலீஸ் இருக்கு, பிரேக்டவுன் இருக்கு. தூக்கம் இல்லை."

பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கத் தொடங்கியிருந்தன. அவள் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டு வந்தாள்.

"ஓரமா போட்டுட்டு எஞ்சினை ஆஃப் பண்ணுங்கோ. பிரேக்டவுன்னு போட்டுட்டேன். மெக்கானிக் வண்டி வர எவ்ளோ நேரம் ஆறதோ, அவ்ளோ நேரம் தூங்குங்கோ. ஜல்தி."

தாபா ஓரத்து மண்ணில் வண்டியை நிறுத்தினார். இரண்டு கதவுகளையும் திறந்து போட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லேசாகக் காற்று வந்தது. தில்லியின் நெரிசல் அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாக நல்லது செய்தது. மெக்கானிக் வந்துசேர வெகுநேரமாயிற்று.

மெக்கானிக் ஒரு பெரியவர், தாடியில் கிரீஸ். கதவில் தட்டி எழுப்பினார். "என்ன ரிப்பேர்?"

கலியனுக்குப் பொய் வாயில் வரவில்லை. பெரியவர் அவர் கண்களைப் பார்த்தார். கேபினுக்குள் தலையை நீட்டிக் கூரைக் கூட்டைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, கருகிப்போன ஒரு ஃபியூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து, போனில் படம் பிடித்தார். படம் எடுத்த பிறகு ஃபியூஸைத் துடைத்துப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஃபியூஸ் போயிருந்தது, மாற்றிவிட்டேன்" என்றார் இந்தியில். "தூங்கினாயா?"

"தூங்கினேன்."

"போ."

அந்தக் கருகிய ஃபியூஸ் எத்தனை லாரிகளின் ஃபியூஸாக இருந்திருக்கிறது என்பது கலியனுக்கு அடுத்த கூட்டத்தில்தான் தெரிந்தது. ஓக்லா கிடங்கில் டிரைவர்களை உட்காரவைத்து, சூப்பர்வைசர் சுவரில் படம் காட்டினார். எல்லையில் பழுதாகி நிற்கும் வண்டிகள் பெருகிவிட்டன, காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, ஃபியூஸ் மட்டமான சரக்கு. இனி எல்லா வண்டிகளிலும் உயர்ரக ஃபியூஸ், முத்திரை வைத்த பெட்டியில். சுவரில் அந்த ஃபியூஸ் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதன் கீழே ஒரு தாடியின் நுனி.

டிரைவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கலியனின் கை பாதி எழுந்தது. எழுந்த கைக்கு முன்னால் அந்தப் பெரியவர் நின்றார், ஜ்யோத்ஸ்னா நின்றாள். உண்மையைச் சொன்னால் முதலில் அவர்கள் வேலை போகும். கை தலைக்குப் போய், முடியைக் கோதிவிட்டு இறங்கியது.

"கேள்வி ஏதாவது?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்லை சாப்" என்றார்கள்.

மறுநாள் எல்லையில் வெயில் ஏறியபோது கேமராவிலிருந்து குரல் வந்தது. "அங்கிள், ஃபியூஸ் இனிமே போட முடியாது. அடுத்த தடவை என்ன போடட்டும்?"

கலியன் யோசித்தார். "ரேடியேட்டர்னு போடுங்க அம்மிணி."

"அப்பறம்?"

"அப்பறம் ரேடியேட்டரையும் மாத்துவாங்க."

அவள் தட்டச்சுச் செய்யும் சத்தம் வந்தது. தூங்கிப் பார்க்கலாம் என்று கலியன் சாவியைத் திருப்பினார். ஏசி நின்றது. கூட்டுக்குள் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. வெக்கை, காத்திருந்ததுபோல் உள்ளே வந்து உட்கார்ந்தது.

மாலையில் வரிசை நகரத் தொடங்கியபோது வெள்ளரிக்காய்க்காரர் வந்தார். லாரி ஒரு சாணில் நின்ற அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். கலியனின் லாரிக்கு முன்னால் கடக்கும் முன் நின்று, பானெட்டைத் தட்டுவார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்வதைப் பார்த்த பிறகுதான் தள்ளுவண்டியை நகர்த்துவார்.

அன்றும் தட்டினார். காத்திருந்தார். மறுபடியும் தட்டினார், இன்னும் கொஞ்சம் பலமாக.

கை மெல்ல உயர்ந்தது.